ஒகந்தையில் திருவிழா இரவுகள்: எந்த வானை வாங்குவது?

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. இளமையில் மூன்று தடவை கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையால் நடந்தவர். ஒகந்தை முருகன் கோயிலடியில் மணலில் சேலையை விரித்துப் படுத்து, விடியக் கடலில் முழுகிவிட்டுக் குமண காட்டுக்குள் இறங்கிய கதையைச் சொல்லாத வருடம் இல்லை. இப்போது முழங்கால் விடுவதில்லை. நடக்காவிட்டாலும் ஆடித் திருவிழாவுக்கு ஒகந்தையில் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. பஸ்ஸில் போய் மடத்தில் படுக்க அவரால் இயலாது. இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும். இராத்திரி இரண்டு தடவை எழும்ப வேண்டும். ஆகவே, படுத்துறங்கும் வண்டி ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தோம். எந்த வண்டி என்பதில்தான் ஆறு மாதம் போனது.

ஓய்வுபெற்ற கணவருக்கு மலைநாட்டு ஆசை. செங்கலடியால் திரும்பி, மகா ஓயா, பிபிலை, பசறை என்று பதுளைக்கு ஏறி, பண்டாரவளையில் ஒரு கிழமை இருக்க வேண்டும் அவருக்கு. மகள் வந்தாறுமூலையில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்தால் வாகரை, காயான்கேணிக் கடற்கரை. ஆக மொத்தம் நாலு பேர். கல்லடியில் எங்கள் வீட்டு வளவில் நிறுத்த முடிகிற வண்டியாகவும் இருக்க வேண்டும். இலங்கையில் மோட்டர்ஹோம் என்று கேட்டால் விற்பனை நிலையத்தில் வரிசையாக நிற்காது. ஒரு வானையோ சிறிய பஸ்ஸையோ வாங்கி, உள்ளே வேலை செய்விப்பதே வழக்கம். இதே எண்ணத்தோடு இருக்கும் குடும்பங்களுக்கு எங்கள் அலைச்சல் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மகள் முதலில் காட்டியது வெளிநாட்டில் கட்டி வரும் வண்டிகள். பார்க்க அழகு, உள்ளே சமையலறை, கழிப்பறை எல்லாம் உண்டு. ஆனால் ஐரோப்பாவில் அதிகம் ஓடும் ஃபியட் டுகாட்டோ அடித்தள வண்டி முன்சக்கரத்தால் இழுபடுவது. தண்ணீரும் கட்டிலும் பின்னால் கனக்க, மணலில் முன்சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும். சுவரும் கூரையும் குளிரைத் தடுக்கச் செய்தவை. ஹீட்டருக்குக் கொடுத்த இடத்தில் எங்களுக்கு இன்னொரு சன்னல் இருந்தால் உதவும். ஜெர்மனி, பிரான்ஸ் வண்டிகளில் வீட்டுக்கதவு வலப்பக்கம் இருக்கும். நம் வீதியில் வாகனங்கள் உரசிக்கொண்டு போகும் பக்கம் அதுதான். வயதானவரை அந்தப் பக்கத்தால் இறக்க எனக்கு மனம் வராது. ஜப்பானில் டொயோட்டா கம்ரோட் அடித்தளத்தில் கட்டும் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம், கதவு இடப்பக்கம். அந்த வகையில் அவை நமக்குப் பொருந்துபவை, மின்சாரம் மட்டும் 100 வோல்ற்று. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியது உண்மை. வரியைக் கணக்கிட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். இழுத்துப் போகும் கரவனும் அப்படித்தான். பாணமைக்கு அப்பால் கிரவல் வீதியில் ஒரு கரவனைப் பின்னுக்கு எடுத்துத் திருப்புவதை நினைத்துப் பார்த்தாலே போதும்.

டபுள் கெப் பிக்கப்பும் அதன் மேல் விரிக்கும் கூரைக் கூடாரமும் இரண்டாவது யோசனை. பொத்துவில், அறுகம்பை, பாணமைப் பக்கம் அலைச்சறுக்கு விளையாடப் போகும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்று இன்னமும் சொல்வேன். நாலு சக்கர இழுவை, மணல் பயமில்லை. கூடாரம் உயரத்தில் இருப்பதால் நாலு பக்கமும் காற்று. ஆனால் ஏணியால் ஏறித்தான் படுக்க வேண்டும். அம்மாவுக்கு ஏணி கிடையாது. அத்தோடு அது முடிந்தது.

சுசுக்கி எவ்ரி என்ற சின்ன வான் எங்கள் தெருவிலேயே மூன்று நிற்கின்றன. 660 சிசி, நீளம் 3.4 மீற்றருக்குச் சற்றுக் குறைவு, அகலம் ஒன்றரை மீற்றர் கூட இல்லை. பின் இருக்கையை மடித்தால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். பெற்றோல் செலவு குறைவு, எந்த ஒழுங்கைக்குள்ளும் போகும். கணவனும் மனைவியும் மட்டும் என்றால் தயங்காமல் இதை வாங்கச் சொல்வேன். எங்களைத் தடுத்தது பாரம். ஜப்பானில் இந்த வகைச் சிறிய வான்களுக்குச் சரக்கு 350 கிலோ வரைதான், நாலு பேர் ஏறினால் அதுவும் குறையும். அறுபது லீற்றர் தண்ணீர் என்றால் அறுபது கிலோ. பலகைக் கட்டில், பற்றரி, காஸ், சாமான் எல்லாம் சேர்ந்தால் பசறை ஏற்றத்தில் அந்தச் சின்ன எஞ்சினை வதைப்பதாகிவிடும்.

கணவர் மனதைக் கொடுத்தது டொயோட்டா கோஸ்டர் என்ற சிறிய பஸ்ஸுக்கு. களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒன்று விலைக்கு வந்தது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி ஓடியது, நல்ல பராமரிப்பு. உள்ளே ஏறியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது, ஏனென்றால் நடுவழியில் நிமிர்ந்து நடக்கலாம். இரண்டு பக்கமும் நீளச் சன்னல்கள், நாலு கட்டில் போட இடம், பின்னால் கழிப்பறையே கட்டலாம். நிரந்தரமாக ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு உண்மையான வீடு என்றால் கோஸ்டரும் மிற்சுபிசி ரோசாவும்தான். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் கோஸ்டரின் சிறிய வகையே 6.25 மீற்றர், பெரியது ஏறத்தாழ 7 மீற்றர். எங்கள் படலையால் உள்ளே எடுக்க மதிலை இடிக்க வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம் இன்னொரு பிரச்சினை. சாதாரண பி வகை ஒன்பது இருக்கைக்கும் 3,500 கிலோவுக்கும் உட்பட்ட வாகனங்களுக்கானது. பதிவுப் புத்தகத்தில் பஸ் என்று இருக்கும் வண்டிக்கு டி1 வேண்டும். கணவர் பரீட்சை எடுக்கத் தயாராகத்தான் இருந்தார். நான் கேட்டது ஒரே கேள்வி: உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் ஓட்டுவது? நானும் வான் ஓட்டுவேன், மகளும் இப்போது பழகிவிட்டாள். ஆறு சில்லு வண்டியை நாங்கள் இருவரும் ஒகந்தையிலிருந்து பொத்துவில் ஆஸ்பத்திரிக்கு அர்த்தராத்திரியில் கொண்டுவர மாட்டோம். வயதானவரைக் கூட்டிக்கொண்டு போகிற வண்டியை வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது தயங்காமல் ஓட்டக்கூடியவர்களாக இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, மிஞ்சியது டொயோட்டா ஹைஏஸ் வான். அதைப் பற்றிச் சொல்ல முன்னர் வெக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும், எங்கள் தெரிவு அங்கேதான் பிறந்தது.

2022 இல் டீசல் வரிசையில் எல்லோரும் கிடந்தோமே, அப்போது எங்களிடம் ஒரு பழைய வான் இருந்தது. கணவர் இரண்டு நாள் வரிசையில் நின்றார். இரண்டாம் இரவு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானும் மகளும் வானுக்குள் படுத்தோம். நுளம்புக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றினோம். பத்து நிமிடத்தில் மூச்சு முட்டியது. இறக்கினால் நுளம்பு. எஞ்சின் குளிர்ந்து பல மணி நேரமாகியும் கூரைத் தகடு வெயிலைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. விடியும்வரை நாங்கள் கண்மூடவில்லை. கட்டில் எத்தனை அடி, அலுமாரி எத்தனை என்று இப்போது யாராவது வண்டியைப் புகழும்போது எனக்கு அந்த இரவுதான் ஞாபகம் வருகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் பகலெல்லாம் கச்சான் காற்று அடித்து உடம்பிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சிவிடும். இரவு அது ஓய்ந்தால் இலை அசையாது. அந்த நேரத்தில் ஒரு பக்கத்தால் காற்று வந்து மறுபக்கத்தால் போக வழி இல்லாத வண்டிக்குள் எந்த மெத்தையைப் போட்டும் பயனில்லை.

ஏ.சி. போடலாமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 வோல்ற்று, 100 ஆம்பியர் மணி லிதியம் பற்றரி ஒன்றில் ஏறத்தாழ 1,280 வாற்று மணி மின்சாரம் இருக்கும். 800 வாற்று இழுக்கும் சிறிய ஏ.சி. அதை ஒன்றரை மணித்தியாலத்தில் குடித்து முடித்துவிடும். இரவு முழுக்க வேண்டுமென்றால் பற்றரிக்கே ஒரு சிறிய கார் வாங்கும் காசு போகும், இல்லாவிட்டால் கோயில் வாசலில் ஜெனரேற்றர் ஓடும். அது யாருக்கும் பிடிக்காது. அதே பற்றரியில் ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் இழுக்கும் இரண்டு சிறிய மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 32 ஆம்பியர் மணிதான். இன்சுலினுக்கும் பாலுக்கும் ஒரு சிறிய 12 வோல்ற்றுக் குளிர்பெட்டி ஒரு நாளுக்கு நாற்பது ஆம்பியர் மணி வரை எடுக்கும். விளக்கும் போன் சார்ஜும் சொற்பம். கூரையில் 200 வாற்று சோலார் தகடு ஒன்று இருந்தால் ஆடி மாத வெயிலில் அந்தச் செலவின் பெரும்பகுதி பகலிலேயே திரும்பிவிடும். ஆகவே ஏ.சி.யை விட்டுவிட்டு, சன்னலையும் கூரை உயரத்தையும் பார்த்து வண்டியைத் தெரிவுசெய்வது என்று முடிவுசெய்தோம்.

இனி ஹைஏஸ். இங்கே இரண்டு தலைமுறை ஓடுகிறது. 2004 வரை வந்ததை டொல்பின் என்கிறோம். அதற்குப் பிறகு வந்தது கே.டி.எச்.

கே.டி.எச். ஓட்டிப் பார்த்தால் வேறு உலகம். சத்தம் குறைவு, இழுவை நல்லது, பிரேக் நம்பிக்கை தருவது. அதில் அகலமான நீள வகை 5.38 மீற்றர் நீளம், 1.88 மீற்றர் அகலம், உயரக் கூரையோடு 2.28 மீற்றர். உள்ளே 1.6 மீற்றருக்குச் சற்று மேல் உயரம். நாலு பேரும் உள்ளேயே படுக்கலாம். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பம், காசும் இருக்கிறது என்றால் இதுதான் சரியான வண்டி. வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. ஆனால் நாங்கள் விசாரித்தவை எல்லாம் ஒரு கோடியைச் சுற்றியும் தாண்டியும் நின்றன. எங்கள் கைக்கு எட்டிய கே.டி.எச். எல்லாம் சாதாரணக் கூரை, 1.7 மீற்றர் அகல வகை. அதற்குள் அம்மா கூட இருந்துகொண்டுதான் சேலை மாற்ற வேண்டும். உள்ளுயரம் 1.3 மீற்றர் அளவுதான். பார்த்த ஒன்றில் நடுச்சன்னல் மட்டுமே திறந்தது.

டொல்பினில் உயரக் கூரை வகை இன்னும் கிடைக்கிறது. ஏறாவூரில் நாங்கள் பார்த்ததில் அம்மா உள்ளே ஏறி நிமிர்ந்து நின்றார். அவர் நாலடி பத்தங்குலம். நான் சற்றுத் தலையைக் குனிந்தேன், கணவர் நன்றாகவே குனிந்தார். குனிய முடிந்தவர்கள் குனியலாம். குனிய முடியாதவர் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது எனக்குப் பெரிய விடயமாகப் பட்டது. இரண்டு பக்கமும் சன்னல்கள் நகர்ந்து திறந்தன, பின்கதவு மேலே தூக்கித் திறப்பது. அதில் ஒரு நுளம்பு வலையைத் தைத்து மாட்டினால் முழுப் பின்பக்கமும் வாசலாகிவிடும், மழை தூறினாலும் கதவே கூரை.

எஞ்சின் விடயத்தில் எங்களுக்கு உதவியவர் காத்தான்குடி மெக்கானிக் நானா. டொல்பினின் 3எல், 5எல் எஞ்சின்கள் பழைய முறை டீசல் பம்பில் ஓடுபவை. கே.டி.எச். எஞ்சின் கொமன் ரெயில் வகை, அதாவது டீசல் தெளிப்பதைக் கணினி கட்டுப்படுத்துவது. சுத்தமில்லாத டீசல் போனால் அதைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் செலவு பெரிது, பழுது பார்க்க அதற்குரிய கருவி இருக்கும் கராஜுக்குத்தான் போக வேண்டும். "டீச்சர், இந்தப் பம்பை நான் இருட்டிலும் கழட்டுவன். மற்றதுக்குக் கொம்பியூட்டர் வேணும்" என்றார். திருக்கோவிலுக்கும் பாணமைக்கும் இடையில் வண்டி நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் எந்த மெக்கானிக் இருப்பார் என்பதை நினைத்தால் அந்தப் பேச்சின் பெறுமதி விளங்கும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டொல்பின் மெதுவாகத்தான் மலை ஏறும். முன்னால் காற்றுப்பை போன்ற பாதுகாப்பு அந்தக் காலத்து வண்டியில் எதிர்பார்க்க முடியாது. ஆகக் குறைந்தது இருபது வருடம் ஓடிய வண்டி அது. வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் யாரும் அறுபதுக்கு மேல் போவதில்லை.

இரண்டு வண்டிக்கும் பொதுவான ஒரு குறை: எஞ்சின் முன்னிருக்கைக்குக் கீழே இருக்கிறது. நூறு கிலோமீற்றர் ஓடிப் பொத்துவிலில் நிறுத்தினால் ஒரு மணி நேரத்துக்கு முன்பக்கம் அடுப்பு மாதிரி. ஆகவே தலைமாடு பின்கதவுப் பக்கம் வர வேண்டும், கால்மாடு முன்னால். கட்டில் செய்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் உப்பும் தண்ணீரும். இந்தக் கரையில் நின்ற வண்டியை மேலே பார்த்து வாங்கக் கூடாது. விரிப்பைத் தூக்கி, நகரும் கதவின் தண்டவாளத்துக்குக் கீழே, சில்லு வளைவின் உட்பக்கம், கூரைப் பீலி எல்லாம் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். நாங்கள் இரண்டு வண்டியை இப்படித்தான் கைவிட்டோம். ஒன்றில் திருப்புளி தரையைத் துளைத்து மறுபக்கம் வந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு இன்னொரு கவனமும் வேண்டும். இருக்கைப் பட்டியை முழுக்க இழுத்துப் பார்த்தால் உள்ளே சேற்றுக் கோடு இருக்கிறதா என்று தெரியும். வெளியைக் கழுவுகிறவர்கள் அதைக் கழுவ மறந்துவிடுவார்கள். வாங்கிய பிறகு அடிப்பக்கம் துருவைத் தடுக்கும் அண்டர்சீல் பூச்சு அடிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டால், பதிவில் உள்ளதற்கும் வண்டிக்கும் பொருந்தாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்துக்கு அனுமதி எடுத்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். நாங்கள் நடு இருக்கையை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் மடக்கும் கட்டில் போட எண்ணியிருக்கிறோம். பயணத்தில் எல்லோரும் பட்டியோடு இருந்து வரலாம். காஸ் அடுப்பு உள்ளே வேண்டாம். 2.3 கிலோ சிலிண்டர் பின்னால் ஒரு பெட்டியில், சமையல் வெளியே. மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிப்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாலு பேருக்கும் டொல்பினுக்குள் இடம் போதுமா என்று கேட்டால், போதாது. உள்ளே மூன்று பேர். கணவர் சன்னல் பக்கம் இழுத்துக் கட்டும் தறப்பாளுக்குக் கீழே மடக்குக் கட்டிலில் படுப்பதாகச் சொல்லிவிட்டார். ஒகந்தையில் ஆண்கள் மணலில்தான் படுப்பது, அதனால் அவருக்கு இது குறையாகத் தெரியவில்லை. ஆனால் லகுகல, பாணமைக் காட்டோரத்தில் யானை நடமாட்டம் உள்ள இடங்களில் அப்படிப் படுக்க முடியாது. கோயில் வளவு, ஆட்கள் இருக்கும் இடம் என்று பார்த்துத்தான் நிறுத்துவோம். கே.டி.எச். நீள வகைக்கும் எங்கள் தெரிவுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான். அந்த ஒரு ஆளின் படுக்கைக்காகக் கூடுதல் விலை கொடுப்பதா என்று மூன்று இரவு பேசி, இல்லை என்று முடிவெடுத்தோம்.

ஏறாவூர் டொல்பினுக்குப் போன கிழமை முற்பணம் கொடுத்தாயிற்று. மிஞ்சிய காசில் பற்றரி, சோலார், குளிர்பெட்டி, அண்டர்சீல் எல்லாம் அடங்கும். மெத்தை வாங்கலாம் என்று மகள் சொன்னாள். அம்மா மறுத்து, வெக்கைக்குப் பன்பாய்தான் நல்லது என்று இரண்டு பாய் முடையச் சொல்லிவிட்டார். நேற்றுத் தச்சர் அளவெடுக்க வந்தபோது அம்மாவும் கூட வந்து, கைத்தடியை வாசற்படியில் ஊன்றி ஏறி இறங்கிப் பார்த்தார். "படி உசரம் புள்ள. கீழ இன்னொரு படி போடு, உள்ளுக்குக் கைபிடி ஒண்டும் வேணும்" என்றார். தச்சர் கைத்தடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அந்த உயரத்துக்குப் படி செய்து தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.